எழுபத்திரண்டு ஜோடிக் காது

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்லே" என்றார் முதலாளி சீனிவாசகம், போட்டோவை மூக்குக்கு அருகில் கொண்டு போய். "நம்ம ஆளுகளுக்கு மொத்தமா காதுவலி வந்துருச்சா?"

படத்தை எடுத்தவன் எதிரே நின்ற யோபு. சந்தேகம் நியாயமானதுதான். சிவகாசி ஆவுடைத்தாய் பயர் ஒர்க்ஸின் எழுபத்திரண்டு தொழிலாளர்களும் மூன்று வரிசையாக இருந்த அந்தப் படத்தில், எழுபத்திரண்டு பேரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கண்ணையும் இறுக மூடியிருந்தார்கள். நடு நாற்காலியில் முதலாளி மட்டும் முழங்கால்மேல் கைகளை வைத்து, முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல், கம்பீரமாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரியில நெருப்பு வச்சதும் பொத்திட்டாக முதலாளி. பழக்கதோசம்."

"இது விலைப்பட்டியல் அட்டையில வந்தா வடக்கே இருக்கிற வியாபாரி என்ன நினைப்பான்? செய்யிறவனே பயந்து சாகுதான், நாம எதுக்கு வாங்கணும்னு நினைக்க மாட்டானா?"

யோபு இன்னொரு முறை படத்தை எட்டிப் பார்த்தான்.

அவன் அந்தக் கம்பெனியில் கடிதக் குமாஸ்தா. ஆர்டர் கடிதங்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது வேலை. போட்டோ எடுப்பது அவன் வேலையே அல்ல. கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த பெண்வீட்டுச் சித்தப்பா ஒரு பெட்டிக் கேமராவைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். பிடித்தது சனி. முதல் சுருளில் எட்டுப் படம் எடுத்தான். ஆறு படங்களில் மனைவி ஞானபூரணி இருந்தாள். ஒன்றிலும் அவளுக்குத் தலை இல்லை. ஏழாவதில் அவனுடைய கட்டைவிரல் இருந்தது. எட்டாவது, முதலாளியின் புது அம்பாசிடர் கார். அது மட்டும் அற்புதமாக விழுந்திருந்தது. கார் அசையாமல் நின்றது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தப் படத்தை முதலாளியிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டினாலும், "சும்மா எடுத்துப் பாத்தேன்" என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு இது கைவந்த கலை முதலாளி" என்று சொல்லியிருக்கவே வேண்டாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். படித்ததற்கும் வாய்க்கும் சம்பந்தம் இருந்தால் உலகத்தில் பாதி வம்பு இராது.

முதலாளிக்கு அப்போது ஒரு போட்டோக்காரன் தேவைப்பட்டான். போன தீபாவளிக்கு எதிர்க் கம்பெனிக்காரர் தம் தொழிலாளர்கள் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த படத்தை விலைப்பட்டியல் அட்டையில் போட்டிருந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து சீனிவாசகத்துக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. இந்த வருஷம் தன் கம்பெனி அட்டையிலும் படம் வர வேண்டும். அதுவும் எதிராளியின் படத்தைவிடப் பளிச்சென்று வர வேண்டும்.

"பாட்னா கிளைக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்னு தந்தி மேல தந்தி அடிக்கான்" என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். "ஒன்னையத்தான் அனுப்ப இருந்தேன். நீ போட்டோவும் எடுப்பேங்கிறதால நிறுத்தி வச்சிருக்கேன். அட்டைப்படம் நல்லா வந்தா இங்கனயே இரு. லேபிள், காலண்டர் எல்லாத்துக்கும் இனி நீதான் போட்டோ. வரலைன்னா பாட்னா."

ஞானபூரணிக்கு அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவம். பாட்னா என்றால் சென்னைக்கு ஒரு ரயில், அங்கிருந்து கல்கத்தா, அங்கிருந்து இன்னொரு ரயில். போனால் திரும்பி வர இரண்டு வருஷம். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, "யாரு இந்த மாமா?" என்று கேட்கும்போதுதான் அப்பன் வந்து நிற்பான். யோபு இதை ஆலையில் யாரிடமும் சொல்லவில்லை. கைவந்த கலை என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது?

படம் எடுப்பதிலும் முதலாளிக்குச் சில கொள்கைகள் இருந்தன. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. ஆகவே புதன்கிழமைதான் எடுக்க வேண்டும். வயிறு காய்ந்தால் முகம் காயும். ஆகவே எல்லோருக்கும் வயிறு நிறையக் கறிச்சோறு போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது கொள்கைதான் யோபுவின் தலையில் விழுந்த இடி.

"வெயில்ல எடுத்துருவோமே முதலாளி" என்று யோபு கெஞ்சிப் பார்த்தான்.

"இந்தியா பூரா வெளிச்சம் விக்கிற கம்பெனிலே இது. போட்டோவுக்கு மட்டும் சூரியன்கிட்டப் போயிப் பிச்சை கேக்கணுமா? பொழுது அடையட்டும். நம்ம சரக்குலயே வெளிச்சம் போட்டு எடு."

அப்படியே ஆனது. ஆனி மாதத்தின் அந்தப் புதன்கிழமை மத்தியானத்தோடு வேலை நிறுத்தப்பட்டது. வெடிமருந்து அறைகளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார் போர்மேன் சுந்தரபாண்டி. ஆலைக்கு வெளியே, வெடிகளைச் சோதித்துப் பார்க்கும் பொட்டலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெயில் தணிந்து இருட்டத் தொடங்கியதும் வரிசையாக நின்றார்கள். சுந்தரபாண்டி ஒரு தகரத் தட்டில் வெளிச்ச மருந்தைப் பரப்பி, அதில் ஒரு முழத் திரியைச் செருகி, பற்ற வைத்தார். யோபு கேமராவின் கண்ணைத் திறந்தான். பொட்டலே பகலானது. கண்ணை மூடினான். இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. காதைத்தான் அவன் கவனிக்கவில்லை.

"இன்னொரு புதன் தாரேன்" என்றார் முதலாளி, படத்தை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு.

வெளியே வந்தபோது லேபிள் ஒட்டும் கொட்டகை வாசலில் ராமுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக அங்கே பசை தடவுகிறவள். கொட்டகையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"படம் கெட்டுப் போச்சாமுல்ல தம்பி?"

"ஆமா. எல்லாரும் காதைப் பொத்திட்டீக."

"நெருப்பைப் பாத்தா கை தன்னால போயிருது, என்ன செய்ய? மனசைத் தளர விட்டுராதீக. அடுத்த புதன் நல்லா வந்துரும்."

யோபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய ஆலையில் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மறுநாளே விருதுநகருக்கு பஸ் ஏறினான். அங்கேதான் அவன் சுருள் கழுவும் ஸ்டூடியோ இருந்தது. ஸ்டூடியோக்காரர் தேவாசீர்வாதம் இருபது வருஷமாகக் கல்யாண ஜோடிகளையும் பிணங்களையும் எடுத்தவர். ஜோடிகளைவிடப் பிணங்கள் சொன்னபடி கேட்கும் என்பது அவருடைய அனுபவம்.

"கை எதுக்குய்யா காதுக்குப் போகுது? சும்மா இருக்கிறதாலதான போகுது?" என்றார் அவர். "கைக்கு ஒரு வேலை குடும். ஆளுக்கு ஒரு பெட்டியைக் குடுத்து ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லும். சரக்குக்கு விளம்பரமும் ஆச்சு."

இவ்வளவு எளிதான விஷயம் தனக்குத் தோன்றவில்லையே என்று யோபு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

இரண்டாவது புதன் வந்தது. மறுபடியும் அரை நாள் விடுப்பு, பூட்டு, பொட்டல், கறிச்சோறு. எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். யோபு மட்டும் சாப்பிடாமல் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். சாயங்காலம் எழுபத்திரண்டு காலிப் பெட்டிகளைக் கொடுத்தான். பூச்சட்டிப் பெட்டி, சக்கரப் பெட்டி, மத்தாப்புப் பெட்டி. எல்லோரும் நெஞ்சோடு அணைத்து, ஒரு விரல் அசையாமல் நின்றார்கள். பார்க்கவே அழகாக இருந்தது.

சுந்தரபாண்டி திரியைப் பற்றவைத்தார். யோபு கேமராவின் கண்ணைத் திறந்தான். பொட்டல் பகலானது.

வெள்ளிக்கிழமை மேசைமேல் கிடந்த படத்தில் முகமே இல்லை. எழுபத்திரண்டு முதுகுகள் இருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகுகளுக்கு நடுவே, அறுவடை நேரத்து மேஸ்திரி மாதிரி, முதலாளி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி ராமுத்தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

"எதுக்குத்தா எல்லாரும் குனிஞ்சீக?"

ராமுத்தாய் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு பலகை தொங்கியது. 'நெருப்பைக் கண்டவுடன் கையில் உள்ள சரக்கைக் கீழே வைக்க வேண்டும். மீறுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர்' என்று அதில் எழுதியிருந்தது. அடியில் முதலாளியின் பெயரே இருந்தது.

"காலிப் பெட்டிதானத்தா!"

"பலகையில காலிப் பெட்டின்னு தனியாப் போடலையே முதலாளி. வேலை போயிருமேன்னு பயந்துட்டோம்."

முதலாளி பலகையைப் பார்த்தார். பிறகு யோபுவைப் பார்த்தார். தொழிலாளி சட்டத்தை மதித்ததற்காக அவளைத் திட்ட முடியாது. ஆகவே அவனைத் திட்டினார். கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கும் ராமுத்தாய் வாசலில் காத்திருந்தாள்.

"எங்களால ஒங்களுக்கு ஏச்சு. விடுங்க தம்பி. ஓடிப் பளகுற குதிரை ரெண்டு தடவ இடறத்தான் செய்யும். முதலாளிகிட்ட இன்னொரு புதன் கேளுங்க. நாங்களும் கேக்கோம்."

கேட்டார்கள். கொட்டகையிலிருந்து பத்துப் பெண்கள் போய், "அந்தத் தம்பிக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க முதலாளி" என்று நின்றார்கள். தன் தொழிலாளர்களுக்கு இவ்வளவு இரக்கமா என்று முதலாளிக்கே நெகிழ்ந்துவிட்டது. மூன்றாவது புதன் கிடைத்தது.

"சத்தம் கேக்குமேங்கிற பயந்தான் எல்லாத்துக்கும் வேர்" என்றார் தேவாசீர்வாதம் இந்த முறை. "சத்தமே கேக்காதுன்னு ஆயிட்டா? எல்லாருக்கும் காதுல பஞ்சை வையும். திரியைத் தார்ப்பாய்க்குப் பின்னால மறைச்சுரும். பெட்டி கிட்டி ஒண்ணும் வேண்டாம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். இதுலயும் கெட்டா நான் ஸ்டூடியோவை மூடிட்டு இட்லிக் கடை வைக்கேன்."

ஞானபூரணி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரிய சுருள் வாங்கிவந்து, கறிச்சோறு முடிந்த கையோடு ஆளாளுக்குப் பிய்த்துக் கொடுத்தான் யோபு. எல்லோரும் சமர்த்தாகக் காதில் அடைத்துக்கொண்டார்கள். சுந்தரபாண்டி தார்ப்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். யோபு கேமராவைத் திறந்து வைத்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் இங்கன பாருங்க!"

முன்வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் திரும்பி, "என்ன சொல்லுதாரு?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள், "என்ன கேக்கே?" என்றாள்.

"என்னது?" என்றது இரண்டாவது வரிசை.

அந்த நேரம் பார்த்து மருந்து பற்றிக்கொண்டது.

படத்தில் எழுபத்திரண்டு வாய்கள் திறந்திருந்தன. ஆளுக்கு ஒரு திசையில் கழுத்தைத் திருப்பி, பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக எல்லோரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருந்தார்கள். மறுபடியும் காதில் கை. ஒவ்வொரு காதிலிருந்தும் ஒரு பஞ்சுத் துண்டு எட்டிப் பார்த்தது.

முதலாளி இந்த முறை கோபப்படவே இல்லை. அதுதான் யோபுவுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு லெட்டர் எழுதணும். உக்காரு" என்றார் சாந்தமாக. "பாட்னா கிளைக்கு. இங்கிலீஷ்ல எழுது. நீங்க கேட்ட ஆளை அனுப்பி வைக்கோம்."

யோபு எழுதினான்.

"நல்ல பையன். ஒழுக்கமானவன். கிறிஸ்தவன். இந்தி கத்துக்குவான்."

யோபு எழுதினான்.

"போட்டோ எடுக்கச் சொல்லாதீகன்னு கடைசியில ஒரு வரி போட்டுரு."

அதையும் எழுதினான். தன்னை நாடு கடத்தும் உத்தரவைத் தானே பிழையில்லாமல் எழுத வேண்டிய கொடுமை வேறு எந்தக் குமாஸ்தாவுக்கும் வந்திருக்காது. அவனுக்குப் பெயர் வைத்தவர் வேதத்தில் இவ்வளவு துன்பப்படாத வேறு ஒருவர் பெயரைப் பார்த்திருக்கக் கூடாதா?

"தேதி போடாத" என்றார் முதலாளி. "அச்சாபீஸ்காரன் ஆடி முதல் வாரம் வரைக்கும் அட்டைக்குப் பொறுக்கேன்னிருக்கான். கடைசியா ஒரு புதன். அதுவும் போச்சுன்னா தேதியைப் போட்டுத் தபால்ல சேத்துருதேன்."

அன்று வீட்டில் ஞானபூரணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதுவரை பாதிதான் சொல்லியிருந்தான்.

"பிள்ளை பொறக்கையில நீங்க இருக்க மாட்டீகளா?"

"இருக்கணும்னுதான் பாக்கேன்."

"உங்க போட்டோ ஒண்ணு வச்சிட்டாவது போங்க. அப்பான்னு காட்டணும்ல. வேற யாரையாவது விட்டு எடுங்க. நீங்க எடுத்தா தலை இருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். யோபுவுக்கு மனசு விட்டுப்போயிற்று. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. மூன்று வாரமாகத் தட்டையும் திரியையும் பஞ்சையும் பார்த்தானே தவிர, கேமராவைப் பார்த்தானா? கையில் இருக்கும் பெட்டியைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அன்றுதான் ஒப்புக்கொண்டான்.

அந்த வாரம் அவன் உண்மையாகவே உழைத்தான். ஒரு முக்காலி செய்து கேமராவை அதன்மேல் கட்டினான். கை நடுக்கம் ஒழிந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு, எத்தனை அடியில் நின்றால் ஆள் முழுதாக விழுவார் என்று அளந்து வைத்துக்கொண்டான். கேமராவின் சின்னக் கண்ணாடியில் தெரிவதைவிட உச்சியில் ஒரு சாண் இடம் கூடுதலாக விட வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தான். குடத்தை எடுத்தான், கோழியை எடுத்தான், கோயில் மணிக்கூண்டை எடுத்தான். கடைசியில் ஞானபூரணியை வாசலில் உட்காரவைத்து எடுத்தான். தேவாசீர்வாதம் அந்தப் படத்தைக் கழுவிக் கொடுத்தபோது ஒரு குத்தல்கூடப் பேசவில்லை.

ஞானபூரணி அதை வெகு நேரம் பார்த்தாள். தலை இருந்தது. முகம் இருந்தது. வயிற்றின்மேல் வைத்த கையில் மோதிரம்கூடத் தெரிந்தது.

"அத்தான், எடுக்கத் தெரிஞ்சு போச்சு உங்களுக்கு" என்றாள். "இனி அந்த ஆளுக பயத்தைத்தான் போக்கணும். ஆஸ்பத்திரியில ஊசிக்குப் பயப்படுற பிள்ளைகிட்ட முதல்லயே ஊசியைக் காட்டி, சும்மா ரெண்டு தடவ தொட்டுக் காட்டுவோம். மூணாவது தடவ குத்தையில அளாது. நீங்களும் படம் எடுக்காமலே ரெண்டு மூணு தடவ கொளுத்திக் காட்டிப் பழக்குங்க."

எவ்வளவு புத்தியான யோசனை! மூன்று வாரமாக விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடையாய் நடந்தவன், இதைத் தன் வீட்டு அடுப்படியில் கேட்டிருக்கலாம். எந்தப் புருஷன்தான் கேட்கிறான்?

கடைசிப் புதன் வந்தது. ஆடி பிறந்து நான்கு நாளாகியிருந்தது. அன்றைக்கும் பொட்டலில் அண்டா ஏறியிருந்தது. யோபு அந்தப் பக்கமே போகவில்லை. முக்காலியை நட்டு, கயிற்றைப் பிடித்து அளந்து, வரிசைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதிலேயே பொழுது போயிற்று. முதலாளி தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் தேதி போடாத கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அது வெளியே தெரியும்படியாகவே அவர் உட்கார்ந்தார்.

"இப்ப படம் எடுக்கப் போறதில்ல" என்று யோபு தொழிலாளர்களைப் பார்த்துச் சொன்னான். "சும்மா வெளிச்சம் மட்டும் காட்டுவோம். சத்தம் வராது. பயப்படாம கண்ணைத் திறந்து பாருங்க. போதும்."

சுந்தரபாண்டி பற்றவைத்தார். வெளிச்சம் வந்து போனது. ஒரு கைகூட அசையவில்லை.

யோபுவுக்கு நம்பவே முடியவில்லை. இரண்டாவது தடவை கொளுத்தச் சொன்னான். எழுபத்திரண்டு பேரும் கையைத் தொங்கவிட்டு, நேராகப் பார்த்து, அசையாமல் நின்றார்கள். ஊசி வைத்தியம் வேலை செய்துவிட்டது! மூன்றாவது தடவை, யாருக்கும் சொல்லாமல், கேமராவின் கண்ணைத் திறந்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளி அந்தப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திரும்பிக் கொண்டுவந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். எழுபத்திரண்டு முகங்களும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. நூற்று நாற்பத்து நான்கு கண்கள், எல்லாம் திறந்தவை. காதுகள் அத்தனையும் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஒருவரின் மீசை முனைகூடத் தனியாகத் தெரிந்தது.

"எதிர்க் கம்பெனிக்காரன் வயிறு எரிஞ்சு சாகப் போறாம்லே" என்றார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "பாட்னாவுக்கு வேற எவனையாவது பாத்துக்கிடுதேன். இனி இந்தக் கம்பெனிக்கு நீதான் போட்டோ. பொம்பளை மாசமா இருக்கால்ல? வீட்டுக்குப் போயிச் சொல்லு, போ."

யோபுவுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நர்ஸ்கள் எல்லோர் முன்னாலும் ஞானபூரணியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனாலும் அதற்குமுன் ஒருவரிடம் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. எல்லோரும் கைவிட்ட நாட்களில் வாசலில் நின்று ஆறுதல் சொன்னவள். லேபிள் கொட்டகைக்குப் போய், படத்தை ராமுத்தாயின் கையில் கொடுத்தான். அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பத்துத் தலைகள் சுற்றிலும் கூடின.

"அடேயப்பா! எம்புட்டு லட்சணமா இருக்கோம்!" என்றாள் ராமுத்தாய்.

"எல்லாம் பழக்கத்துல இருக்கு" என்றான் யோபு. கலைஞனுக்குரிய நிதானம் அவன் குரலில் வந்திருந்தது. "கேமரா அசையக் கூடாது. தூரம் அளந்து நிக்கணும். எல்லாத்துக்கும் மேல, எடுக்கப்படுற ஆளோட மனசு தெரியணும். பயம்தான் ஒங்க கையைக் காதுக்குக் கொண்டு போச்சு. ரெண்டு தடவ வெளிச்சத்தைக் காட்டுனேன், பயம் போயிருச்சு. மனசு படிக்கத் தெரியாதவனுக்குப் போட்டோ வராது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"என்ன சிரிப்பு?" என்றான் யோபு.

"பெரிய படிப்புப் படிச்சிருக்கீக, ஒங்ககிட்ட மறைச்சா பாவம்" என்றாள் ராமுத்தாய், படத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து. "வெடி சோதிக்கிற பொட்டலுக்குப் பக்கத்துலயே பதினெட்டு வருசமாக் கெடக்கேன் தம்பி, ஒரு நாளும் காதைப் பொத்துனதில்ல, படம் கெட்டாத்தான அடுத்த புதனும் கறிச்சோறுன்னு பொத்துனோம், ஆடி பொறந்து இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு விரதம் பிடிச்ச பெறவு அந்தக் கறியை வச்சு நாங்க என்ன செய்ய?"